உறைபனி வரப்போகுது, தோட்டத்தில கிடக்கிறதை என்ன செய்யிறது?

பின்வளவு (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். இங்க கனடாவில, டொராண்டோப் பக்கம், இந்த வருசம் பின்வளவு எங்களை ஒரு வழி பண்ணிப்போட்டுது. பயத்தங்காய் இன்னும் தொங்குது. கத்தரி பூக்கிறதை நிப்பாட்டுற யோசனையே இல்லை. பச்சை மிளகாய் ஒரு வாளி தேறும். தக்காளி முக்கால்வாசி பச்சையாவே கிடக்கு. பூசணியும் ரெண்டு மூண்டு உருண்டு கிடக்கு. சாடியில கறிவேப்பிலை, முருங்கை.

இரவில இப்பவே 8, 9 பாகைக்கு இறங்குது. ஒக்ரோபர் ரெண்டாம் திங்களில வாற தேங்ஸ்கிவிங் கிழமைக்குள்ள உறைபனி கொட்டினால் எல்லாம் ஒரே இரவில கறுத்துப்போம். அயலட்டைக்குக் குடுத்தாச்சு, கோயிலுக்கும் குடுத்தாச்சு. இனி ஒருக்கா பயத்தங்காய்க் கறி வச்சால் வீட்டை விட்டே போயிடுவன் எண்டு மனிசி சொல்லிப்போட்டா.

எதை ஃபிரீசரில போடலாம், எதைக் காயவைக்கலாம், எதைப் போத்தலில அடைக்கலாம்? செய்து பார்த்தவை சொல்லுங்கோ.

மோர்மிளகாய் (மார்க்கம்)

தம்பி, முதல்ல பதறாதேங்கோ. எல்லாம் ஒரே நாளில சாகாது. வெண்டி, கத்தரி, பயத்தங்காய் மூண்டும் 10 பாகைக்குக் கீழ போனாலே முகம் சுளிக்கும், உறைபனி பட்டால் முடிஞ்சுது. அதால அதுகளை முதல்ல பிடுங்குங்கோ. கேல், கரட், பீற்றூட் மாதிரிச் சாமான் வச்சிருந்தால் அதுகளுக்கு அவசரமே இல்லை. லேசான பனி பட்ட கரட் இன்னும் இனிக்கும்.

ஒரு இரவுக்கு மட்டும் பனி எண்டு அறிவிப்பு வந்தால், பழைய படுக்கைவிரிப்பு, வேட்டி எதையாவது எடுத்துப் பின்னேரமே செடிக்கு மேல போட்டு நிலம் வரைக்கும் தொங்கவிடுங்கோ. மண்ணுக்குள்ள இருக்கிற சூடு வெளியில போகாமல் நிக்கும். பிளாஸ்டிக் போடாதேங்கோ, இலையில முட்டுற இடமெல்லாம் கருகும். ஏரிக்குக் கிட்ட இருக்கிறவைக்கு ஒரு கிழமை கூடக் கிடைக்கும். எங்கட பக்கம் அந்தக் குடுப்பினை இல்லை.

பயத்தங்காயை முறிச்சு, கொதிக்கிற தண்ணியில 3 நிமிசம் போட்டு, உடனே ஐஸ் தண்ணிக்குள்ள போடுங்கோ. அப்பிடிச் செய்யாமல் பச்சையாப் போட்டால் நொதியங்கள் உள்ளுக்க வேலை செய்துகொண்டே இருக்கும், தை மாசம் எடுக்கேக்க வைக்கோல் மணம் வரும். வடிவா ஈரம் துடைச்சு, தட்டில பரவி உறையவச்சுப் பிறகு பையில போட்டால் கட்டிபடாது. ஆனால் ஒண்டு, தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கிற வறைக்கு எடுபடாது, மெத்துப்போகும். பால்கறிக்கும் குழம்புக்கும் நல்லது.

கத்தரிக்காயைப் பச்சையா ஃபிரீசரில போடவே போடாதேங்கோ, கடற்பஞ்சு மாதிரி வரும். குழம்புக்குப் பொரிக்கிற மாதிரிப் பொரிச்சு ஆறவச்சுப் போடுங்கோ. இல்லாட்டி நெருப்பில சுட்டுத் தோலுரிச்சு மசிச்சுப் போடுங்கோ, சம்பலுக்கு உதவும். பச்சை மிளகாய்க்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. கழுவித் துடைச்சு அப்பிடியே பையில.

கோவைக்காரி (பிராம்டன்)

அக்கா சொன்னது எல்லாம் சரிங்க. தக்காளிக்கு நான் சொல்றேன். பழுத்தது எல்லாத்தையும் கழுவி, காம்புக் குழியை மட்டும் எடுத்துட்டு முழுசா ஃபிரீசர்ல போட்டுடுங்க. ரசத்துக்கு எடுக்கும்போது குழாய்த் தண்ணியில ஒரு தடவை காட்டினா தோல் சட்டைய கழட்டற மாதிரி வந்துரும்.

பச்சைத் தக்காளியில ரெண்டு வகை இருக்குங்க. நல்லா பருத்து, கரும்பச்சை போயி வெளிர்பச்சைக்கு வந்து பளபளன்னு இருக்கறது வீட்டுக்குள்ளயே பழுத்துரும். பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியில ஒரே அடுக்கா வையுங்க, கூட ஒரு வாழைப்பழம். ஜன்னல் வெயில் எல்லாம் தேவையே இல்லை, அறைச்சூடு போதும். வாரம் ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்து, அழுகினதை எடுத்துருங்க. ஃபிரிட்ஜ்ல மட்டும் வெக்காதீங்க, பழுக்கறது நின்னுரும். சின்னதா, கெட்டியா, கரும்பச்சையா இருக்கறது எத்தனை நாள் வெச்சாலும் பழுக்காது. அதுக்குன்னே கடவுள் துவையலைக் குடுத்திருக்காரு. கடலைப்பருப்பு போட்டுக் கூட்டும் வெக்கலாம்.

அப்புறம் வத்தல். இங்க செப்டம்பர் கடைசி வெயிலை நம்பி மொட்டை மாடி நினைப்புல தட்டை வெளிய வெச்சீங்கன்னா பூஞ்சைதான் மிஞ்சும். பகல்ல 18, 20 டிகிரி, ராத்திரி பனி இறங்கி எல்லாத்தையும் திரும்ப ஈரமாக்கிரும். ஜூலையில 30 டிகிரி அடிக்கறப்போ செய்யலாம், ஆனா அப்போ காய் இருக்காது. அதனால உலர்த்தற மெஷின் ஒண்ணு வாங்கிருங்க. பாகற்காயை வட்டமா நறுக்கி, உப்பு மஞ்சள் பிசறி ஒரு மணி நேரம் வெச்சு, தண்ணியைப் பிழிஞ்சுட்டு 57 டிகிரியில போட்டா அடுத்த நாள் ஒடிச்சா சடக்குன்னு ஒடியும். மோர் மிளகாய்க்கும் அதேதான். புளிச்ச மோர்ல உப்பு போட்டு, கீறின மிளகாயை ரெண்டு ராத்திரி ஃபிரிட்ஜ்லயே ஊற வெச்சு அப்புறம் மெஷின். கலகலன்னு சத்தம் கேக்கணும். மெஷினை கராஜ்ல வெச்சு ஓட்டுங்க. வீட்டுக்குள்ள ஓட்டினா குடும்பமே தும்மும்.

பழையபோத்தல் (ஸ்காபரோ)

ஏன் இவ்வளவு கஷ்டம்? எங்கட பக்கத்து வீட்டு இத்தாலியன் ஒவ்வொரு ஆவணியும் பெட்டி பெட்டியா ரோமா தக்காளி வாங்கி, கராஜுக்குள்ள குடும்பமா இருந்து அரைச்சு, போத்தலில அடைச்சு, பெரிய பீப்பாவில அவிச்சு எடுக்கிறார். வருசம் முழுக்க அலுமாரியில நிக்குது. நான் அதைப் பார்த்துப் பயத்தங்காயையும் உப்புத்தண்ணியில போட்டு அப்பிடியே அடைக்கலாம் எண்டு இருக்கிறன். உள்ளியும் மிளகாயும் நல்லெண்ணெயில போட்டு ஏற்கெனவே ஒரு போத்தல் குசினியில நிக்குது. ஃபிரீசருக்குக் கரண்ட் காசு ஆர் குடுக்கிறது?

ஆய்வுக்கூடம் (மிசிசாகா)

ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள். உணவு நுண்ணுயிரியல்தான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்வது தக்காளி. அதில் புளிப்பு இருக்கிறது. பயத்தங்காயில் புளிப்பு இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணிலேயே இருப்பது, தோட்டத்துக் காயில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதன் வித்துகள் 100 டிகிரியில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தாலும் சாகாமல் கிடக்கும். காற்று இல்லை, புளிப்பு இல்லை, அறைச்சூடு என்று மூன்றும் சேர்ந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். மூடிய போத்தல் அதற்குச் செய்து கொடுத்த வீடு. பெரும்பாலும் வாசனை மாறாது, சுவை மாறாது. நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளை முடக்குகிற நச்சு அது.

எண்ணெயில் போட்ட பூண்டும் இதே கதைதான். 1985-இல் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய நறுக்குப் பூண்டை அறைச்சூட்டில் வைத்திருந்ததால் 36 பேருக்கு இந்த நோய் வந்தது. வீட்டில் செய்த பூண்டெண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் ஹெல்த் கனடா சொல்வது.

புளிப்பைக் காட்டும் பி.எச். அளவில் எல்லைக்கோடு 4.6. அதற்குக் கீழே இருந்தால், அதாவது புளிப்பு கூடுதலாக இருந்தால், கொதிநீரில் அவித்துப் போத்தலில் அடைக்கலாம். எலுமிச்சை, மாங்காய், வினிகர் ஊறுகாய், பழ ஜாம் எல்லாம் இந்தப் பக்கம். தக்காளி கோட்டின் மேலேயே நிற்கிறது, சில ரகங்கள் தாண்டியும் போகும். அதனால் அரை லிட்டர் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டருக்கு இரண்டு என்று எலுமிச்சைச்சாறு சேர்க்க வேண்டும். கடையில் போத்தலில் விற்கிற சாறுதான் வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், போத்தல் சாறு ஒரே அளவாக இருக்கும்.

பயத்தங்காய், கீரை, பருப்பு, சாம்பார் இவற்றைப் போத்தலில் அடைக்க 116 முதல் 121 டிகிரி வரை போகிற அழுத்தக் கலன் தேவை. "எங்கள் வீட்டுக் குக்கர் போகாதா" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். சூடு போகும். ஆனால் சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும், போத்தலின் நடுவரை போதுமான நேரம் சூடு நின்றதா என்று யாருக்கும் தெரியாது. விசில் எண்ணிக்கை இங்கே கணக்கில் வராது. ஃபிரீசர் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

பழையபோத்தல் (ஸ்காபரோ)

ஊரில அம்மா ஊறுகாயை மண்சட்டியில போட்டுச் சீலையால வாயைக் கட்டி வச்சவ. ஃபிரிட்ஜ் இல்லை, பி.எச். பாக்கிற மெசினும் இல்லை. பனங்கிழங்கைக் காயவச்ச ஒடியலும், அவிச்சுக் காயவச்ச புழுக்கொடியலும் பெட்டகத்தில மாசக்கணக்காக் கிடந்தது. ஒருத்தரும் சாகேல்லை.

ஆய்வுக்கூடம் (மிசிசாகா)

அம்மா செய்தது சரிதான் ஐயா. அதில் ஒன்றுகூட நீங்கள் இப்போது செய்யப்போவது மாதிரி இல்லை. ஊறுகாயில் எலுமிச்சை, மாங்காயின் புளிப்பும் கை நிறைய உப்பும் இருந்தன. ஒடியல் வெயிலில் கல்லாகக் காய்ந்தது, தண்ணீர் இல்லாத இடத்தில் எதுவும் வளராது. வத்தல், வடகம், கருவாடு எல்லாம் அந்த வழிதான். உப்புக் குறைத்து, காயாமல், புளிக்காமல், காற்றுப் புகாமல் மூடி வைப்பது என்பது நம் ஊர்ப் பழக்கத்திலேயே கிடையாது. சர்க்கரை, பிரஷர் என்று இப்போது எல்லோரும் உப்பைக் குறைத்துவிட்டு, பழைய மாதிரியே வெளியில் வைக்கிறார்கள். உப்பைக் குறைத்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

தாமிரபரணி (திருநெல்வேலி)

நடுவுல வாரதுக்கு மன்னிக்கணும். எங்களுக்கு இந்த இலையுதிர் காலமெல்லாம் கிடையாது, ஆனா ஐப்பசி அடைமழை உண்டுல்லா. வத்தல் வடகம் எல்லாம் பங்குனி சித்திரை வெயில்லயே போட்டு முடிச்சிருவோம். புரட்டாசியில ஒரு வேலைதான். டப்பாவெல்லாம் திறந்து, மழை பிடிக்கதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு வெயில் காட்டி, சூடு ஆறினப்பொறவு மூடி வைக்கணும். சூட்டோட மூடினா உள்ள வேர்த்து மொத்தமும் போச்சு. மெஷின்ல காய வைக்கவங்களுக்கும் இது பொருந்தும்னு நினைக்கேன்.

கனடாவுல முருங்கை வளருதுன்னு இப்பதான் கேள்விப்படுதேன். காய் காய்க்குமா?

மோர்மிளகாய் (மார்க்கம்)

காய் கனவிலதான். இலைக்காகத்தான் வைக்கிறது. ஆறவிட்டு மூடுற விசயம் முற்றிலும் உண்மை. மூடின பிறகும் முதல் கிழமை ஒவ்வொரு நாளும் போத்தலைக் குலுக்கிப் பாருங்கோ. கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்தால் திரும்ப மெசினில போடுங்கோ.

பின்வளவுத் தம்பி, உங்கட சாடிகளுக்கு வாறன். உங்களுக்கு இப்பவே 8 பாகை எண்டால் கறிவேப்பிலையை இண்டைக்கே உள்ளுக்க எடுங்கோ. இரவு 12 பாகைக்கு வரேக்கயே எடுத்திருக்கோணும். எடுக்க முதல் இலையின்ர அடிப்பக்கம், தண்டு எல்லாம் பாருங்கோ. பழுப்புநிறப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது செதில் பூச்சி. நகத்தால சுரண்டி எடுத்து, பூச்சிச் சவர்க்காரக் கரைசல் அடிச்சு, கொஞ்ச நாள் மற்றச் செடிகளோட சேர்க்காமல் வையுங்கோ. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் போட்டவுடன காத்து வறண்டு சிலந்திப் பேன் வரும், அதையும் பாக்கோணும். தெற்கு ஜன்னல், தண்ணி குறைவு, பசளை வேண்டாம். மார்கழியில இலை கொட்டும். அழாதேங்கோ, பங்குனியில துளிர்க்கும். கனபேர் செடி வாடுதெண்டு தண்ணியை ஊத்தி ஊத்தித்தான் வேரை அழுக வைக்கினம்.

முருங்கையை இரக்கமில்லாமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, உறையாத ஒரு மூலையில, 10 பாகை அளவு குளிரான பேஸ்மண்டில வச்சால் உறங்கிப்போம். வெட்டின இலையை நிழலில காயவச்சுப் பொடியாக்குங்கோ. கறிவேப்பிலையில மிஞ்சுறதை ஈர்க்கோட பையில கட்டி ஃபிரீசரில போட்டு, எடுக்கேக்க குளிர் விடாமல் நேரா எண்ணெயில போடுங்கோ. நிறம் கறுக்கும், மணம் ஓரளவுக்கு நிக்கும்.

பூசணியைக் காம்போட வெட்டோணும். காம்பு முறிஞ்ச பூசணியை முதல்ல சமைச்சு முடியுங்கோ. மற்றதை ஒரு பத்து நாள் சூடான இடத்தில வச்சுத் தோலை முத்தவிட்டு, பிறகு 10 – 13 பாகை உள்ள இடத்தில மட்டை விரிச்சு வையுங்கோ. வெறும் சீமெந்துத் தரையில வைக்கக்கூடாது. கராஜ் கார்த்திகையில அதைவிடக் குளிரும், அங்க விட்டுவிடாதேங்கோ.

கோவைக்காரி (பிராம்டன்)

கராஜ்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. பழைய ஃபிரிட்ஜை கராஜ்ல போட்டு அதோட மேல்தட்டு ஃபிரீசர்ல காயெல்லாம் அடைக்கறவங்க கவனமா இருங்க. வெளிய குளிர் ஏறினா, கீழ ஃபிரிட்ஜ் பாகம் தானாவே குளுந்துருச்சுன்னு மோட்டார் ஓடாம நின்னுரும். மேல இருக்கறது எல்லாம் உருகும். கராஜ்ல வெக்கலாம்னு போட்ட பெட்டி ஃபிரீசர்தான் அதுக்கு லாயக்கு. மைனஸ் 18 இருக்கான்னு ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாத்துக்கங்க.

புதுவரவு (ஸ்காபரோ)

வணக்கம், சென்னையில இருந்து வந்து எனக்கு இது முதல் குளிர்காலம். பேஸ்மென்ட் வாடகை வீடு. தோட்டம் எல்லாம் இல்லை, பால்கனி கூட இல்லை. வீட்டைக் குளிருக்கு எப்படித் தயார் பண்றதுன்னும் யாராவது சொல்லுங்களேன். ஓனர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்"ன்னு மட்டும் சொல்றார்.

பின்வளவு (ஸ்காபரோ)

தம்பியோ தங்கச்சியோ, வாங்கோ. வீட்டுக்காரரிட்ட முதல் கேக்க வேண்டியது கார்பன் மோனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கான அலாரம் எங்கை இருக்கு எண்டு. ஒன்ராறியோச் சட்டப்படி, ஃபேர்னஸ் மாதிரி எரியிற சாமான் இருக்கிற வீட்டில அது இருக்கோணும், புகை அலாரமும்தான். பட்டனை அமத்திச் சத்தம் வருதோ எண்டு நீங்களே பாருங்கோ. ஃபேர்னஸ் இருக்கிற அறை உங்கட பக்கம் எண்டால், அதுக்குக் கிட்ட பெட்டியள், உடுப்புகள் அடுக்காதேங்கோ. ஃபில்டர் கடைசியா எப்ப மாத்தினது எண்டும் கேளுங்கோ. டொராண்டோவில குளிர்காலத்தில வாடகை வீட்டுக்குள்ள ஆகக்குறைஞ்சது 21 பாகை இருக்கோணும் எண்டு நகரச் சட்டம் இருக்கு. "பார்த்துக்கலாம்" எண்டுறது பதில் இல்லை.

ஜன்னல் விளிம்பில கையை வச்சுப் பாருங்கோ. காத்து வந்தால், ஹெயார் டிரையரால சூடு காட்டி இழுத்து ஒட்டுற பிளாஸ்டிக் தாள் கடையில இருக்கு. விலை குறைவு, பலன் கூட.

வீடு வச்சிருக்கிறவைக்கு: வெளிக்குழாயிலயிருந்து ஹோஸைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற வால்வைப் பூட்டி, பிறகு வெளிக்குழாயைத் திறந்து விடுங்கோ. உள்ளுக்க தண்ணி நிண்டால் உறைஞ்சு குழாயை வெடிக்க வைக்கும். அது தெரியிறது பங்குனியில, பேஸ்மண்ட் நனையேக்க. கூரைப்பீலியை இலை எல்லாம் கொட்டி முடிஞ்ச பிறகு துப்புரவாக்குங்கோ, முந்திச் செய்தால் ரெண்டு வேலை. கார் டயர் பனி விழுற வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை. 7 பாகைக்குக் கீழ போனாலே கோடை டயரின்ர ரப்பர் இறுகிப் பிடிப்புக் குறையும். குளிர்கால டயர் போட்டால் கார் இன்சூரன்ஸ் காசில கழிவு இருக்கு, கேட்டு வாங்குங்கோ.

ஈரமண் (லண்டன்)

இங்க இங்கிலாந்தில எங்களுக்கு உங்களை மாதிரி வெட்டுக்குளிர் இல்லை, ஈரம்தான் எதிரி. அலொட்மென்ட் எண்டு வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில, கொட்டிலுக்குள்ள வச்ச வெங்காயம் எல்லாம் முளைக்குது. கழுத்து நல்லாக் காயாத வெங்காயத்தை வைக்கக்கூடாது எண்டதை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். தாள் காஞ்சு சரசரக்கோணும், அதுக்குப் பிறகுதான் வலைப்பையில தூக்கலாம்.

பழையபோத்தல் (ஸ்காபரோ)

ஆய்வுக்கூடம் அவர்களே, ஒரு கேள்வி. அந்த உள்ளிப் போத்தல் புரட்டாசி தொடக்கத்திலயிருந்து வெளியிலதான் நிக்குது. இப்ப எடுத்து ஃபிரிட்ஜுக்குள்ள வச்சால் காணுமோ? நல்லெண்ணெய் என்ன விலை தெரியுமோ?

ஆய்வுக்கூடம் (மிசிசாகா)

போதாது. நச்சு உண்டாகியிருந்தால் குளிரில் போகாது. ருசி பார்க்க வேண்டாம், ஒரு துளிகூட. மூடியைத் திறக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த முறை பூண்டை உரித்துப் பச்சையாகவே ஃபிரீசரில் போடுங்கள், மின்கட்டணம் மருத்துவமனையை விட மலிவு.

மோர்மிளகாய் (மார்க்கம்)

உள்ளி எண்டவுடன, பின்வளவுத் தம்பி, கத்தரியைப் பிடுங்கின பாத்தியைச் சும்மா விடாதேங்கோ. தேங்ஸ்கிவிங்கை ஒட்டி உள்ளி நடுற காலம். ஒன்ராறியோவில பேர்போன "மியூசிக்" எண்ட இனம் சந்தையில கிடைக்கும். பல்லை உடைச்சு, கூர் மேல பாக்க, 5 – 8 சென்டிமீற்றர் ஆழத்தில, ஒரு சாண் இடைவெளி விட்டு ஊண்டி, மேல வைக்கோல் இல்லாட்டி மேப்பிள் இலையை மூடிவிடுங்கோ. ஆடியில கிண்டலாம். நகரசபைக்காரருக்கு இலையைக் கடதாசிப் பையில கட்டிக் குடுக்கிற வேலையும் பாதி குறையும்.

பின்வளவு (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. கறிவேப்பிலை உள்ளுக்க வந்திட்டுது. இந்தச் சனிக்கிழமை பயத்தங்காய் ஃபிரீசர், ஞாயிறு மிளகாய். ஒண்டு மட்டும் பாக்கி. பயத்தங்காயில விதைக்கு விட்ட காய் இன்னும் முழுசாக் காயேல்லை, பச்சையும் மஞ்சளுமா நிக்குது. பனி வந்தால் விதை பழுதாப்போமோ? இந்த விதை ஊரிலயிருந்து வந்தது, விட மனமில்லை.

மோர்மிளகாய் (மார்க்கம்)

மஞ்சளுக்கு வந்தது தேறும். பனிக்கு முதல் கொடியை வேரோட பிடுங்கி, கராஜில தலைகீழாத் தூக்கிவிடுங்கோ, காய் அதிலயே காஞ்சு முத்தும். முழுப்பச்சையா நிக்கிறதைக் கறிக்கு எடுங்கோ, முளைக்காது. காஞ்ச பிறகு விதையை நகத்தால அமத்தினால் பள்ளம் விழக்கூடாது. பயறு, அவரை வகையெல்லாம் அநேகமாத் தன்ர பூவிலயே கரு பிடிக்கிறது, அதால அடுத்த வருசமும் அதே காய்தான் வரும். கடையில கலப்பின விதை வாங்கி வச்ச கத்தரிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அதில ஒரு பிடி எனக்கும் எடுத்து வையுங்கோ. என்னட்டைப் பசளிக் கீரை விதை இருக்கு, மாத்துவம்.